நூற்று முப்பது பேர்

சீமைக்குப் போய்வந்த உறவினர் அன்புடன் கொண்டுவந்து தரும் சட்டையின் கழுத்துப் பட்டியை நமது நேயர்களில் பலர் புரட்டிப் பார்த்திருக்கக்கூடும். வாங்கிய இடம் லண்டனாகவோ பெர்லினாகவோ இருக்கும். உள்ளே தைத்திருக்கும் சிறு துண்டிலோ, "பங்களாதேஷில் செய்தது" என்று காணப்படும். நமது பக்கத்து வீட்டில் தைத்த துணி, பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு நம் கைக்கு வந்து சேருகிறது!

இதில் வியப்புக்குரியது தூரமன்று. பங்களாதேஷில் பருத்தி விளைவது வெகு சொற்பம். 1971-ஆம் ஆண்டில் அந்நாடு விடுதலை பெற்றபோது வெளியே விற்றது பெரும்பாலும் சணலும் சணல் சாமான்களுமே. ஆயத்த ஆடை ஏற்றுமதி என்று சொல்லத்தக்கது அன்று அங்கே இல்லை. 2024-25-ஆம் நிதியாண்டிலோ அந்நாடு வெளியே விற்ற ஆயத்த ஆடைகளின் மதிப்பு 3,900 கோடி டாலருக்கு மேல். அதன் சரக்கு ஏற்றுமதி முழுவதிலும் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேற்பட்டது இதுவே. பஞ்சு விளையாத தேசம் உலகத்தாருக்கெல்லாம் சட்டை தைத்துப் போடுவது எப்படி?

"கூலி மலிவு, வேறென்ன?" என்று ஒரு வார்த்தையில் விடை சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. நமக்கு அந்த விடை போதவில்லை. 1972-லும் அங்கே கூலி மலிவாகத்தான் இருந்தது. கூலி மலிந்த தேசங்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எத்தனையோ இருந்தன. அவை யாவும் சட்டை விற்கக் கிளம்பவில்லையே!

ஏழை நாடு ஒன்றில் தொழிற்சாலை நடத்தும் முதலாளி சாதாரணமாக ஏன் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவதில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உள்ளூர்க் கடைக்காரருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவருக்குத் தம் வாடிக்கைக்காரர் யார் என்று தெரியும். பித்தான் உதிர்ந்தால் சட்டை திரும்பி வரும். மறுநாள் தைத்துக் கொடுத்துவிடலாம். ஹாம்பர்க் நகரத்துக் கடைக்காரருடைய வழக்கம் வேறு. இருபதினாயிரம் சட்டையும் ஒரே சாயமாக இருக்கவேண்டும். ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று அவர் சொன்ன கணக்குத் தப்பக்கூடாது. குறித்த தேதியில் கப்பல் ஏறவேண்டும். கிறிஸ்துமஸ் கழிந்து வந்த சட்டையை அவர் என்ன செய்வார்? இதற்கெல்லாம் முன்னதாக மாதிரிகள் செய்து அனுப்பவேண்டும். யாரிடம் அனுப்புவது என்பதை அறியவேண்டும். பெயர் கேள்விப்படாத ஆலையை நம்பிப் பணம் போட ஒருவர் முன்வரவேண்டும். இந்தச் செலவுகளெல்லாம் ஒரு காசு வரவு வருமுன்னரே செய்து தீரவேண்டியவை. வியாபாரம் கைகூடாவிட்டால் அவற்றில் ஒன்றும் திரும்பி வாராது.

தென்னமெரிக்காவில் உள்ள கொலம்பியா தேசத்துத் தொழிற்சாலைகளின் கணக்குகளை ஆராய்ந்த ராபர்ட்ஸ், டைபவுட் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 1997-இல் இதைத் தெளிவுபடுத்தினார்கள். சென்ற வருஷம் ஏற்றுமதி செய்த ஆலை இந்த வருஷமும் செய்வது பெரும்பாலும் நிச்சயம். செய்யாத ஆலை புதிதாக இறங்குவது அரிது. இரண்டு வருஷம் விட்டுவிட்டு மீண்டும் நுழைய விரும்பும் ஆலைக்கு ஆகும் செலவு, முதல் தடவை நுழையும் ஆலைக்கு ஆவதைவிட அதிகம் குறைவதில்லையாம். அந்நியச் சந்தையின் வாசற்படி உயரமானது. ஏறியவர் இறங்கிவிட்டால் மறுபடியும் அதே உயரம்தான்.

இந்தப் படியைப் பங்களாதேஷ் ஏறிய விதம் ஒரு நல்ல கதை. சிட்டகாங் நகரத்தில் "தேஷ் கார்மென்ட்ஸ்" என்று ஓர் ஆலை. அதைத் தோற்றுவித்தவர் நூருல் காதர் என்பவர். அவர் பரம்பரை வியாபாரி அல்லர். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து விலகியவர். விடுதலைப் போராட்டத்தில் பங்குகொண்டவர். 1978-இல் அவர் தென்கொரியாவின் பெரிய ஸ்தாபனங்களில் ஒன்றான டேவூவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். டேவூ தொழில் கற்பிக்கும். யந்திரங்களுக்கு ஏற்பாடு செய்யும். சரக்கை விற்றும் கொடுக்கும். தேஷ் ஆலை தன் விற்பனையில் நூற்றுக்கு எட்டு வீதம் அதற்குக் கட்டணமும் தரகுமாகக் கொடுக்கும். இதுவே சாரம்.

கொரியருக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். தருமசிந்தனை ஒன்றும் இல்லை. 1974 முதல் செல்வ நாடுகள், "உன்னிடமிருந்து வருஷத்துக்கு இவ்வளவு துணிதான் வாங்குவோம்" என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அளவு கட்டிவிட்டன. நன்றாக விற்றுக்கொண்டிருந்த கொரியாவுக்கு அந்த அளவு இறுக்கமாக இருந்தது. ஒன்றுமே விற்காத பங்களாதேஷுக்கோ அப்போது கட்டுப்பாடு இல்லை. ஆகவே தன் சட்டையை அயலான் வீட்டில் தைத்து அனுப்பினால் என்ன என்று கொரிய முதலாளி யோசித்தார். ஏழைகளின் சரக்கைத் தடுக்கப் பணக்காரர் கட்டிய வேலி, அவர்களினும் ஏழையான ஒருவனுக்கு வழி திறந்துவிட்டது. உலக வர்த்தகத்தில் நடக்கும் விநோதங்களில் இது ஒன்று. கொரியாதான் நேற்றுவரை என்னவாக இருந்தது? அதன் வருஷாந்தர ஏற்றுமதி பத்துக் கோடி டாலரை எட்டியதை 1964-இல்தான் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். பதினான்கு வருஷத்தில் மாணாக்கன் உபாத்தியாயர் ஆகிவிட்டான்!

1979-இல் தேஷ் ஆலை தன் ஆட்களில் நூற்று முப்பது பேரைக் கொரியாவின் பூசான் துறைமுகப் பட்டினத்துக்கு அனுப்பியது. அங்கே டேவூவின் ஆலையில் அவர்கள் பயிற்சி பெற்றார்கள். சட்டையை வெட்டுவதும் தைப்பதும் மட்டுமல்ல. ஒருவர் கழுத்துப்பட்டி, ஒருவர் கை, ஒருவர் பித்தான் என்று வரிசையாக வேலையைப் பிரித்து நடத்தும் முறை, குறையுள்ளதைப் பொறுக்கி ஒதுக்கும் முறை, சரக்கு வரவு செலவு எழுதும் முறை எல்லாவற்றையும் கண்ணால் கண்டு, கையால் செய்து தெரிந்துகொண்டார்கள். புத்தகத்தை அனுப்பிவைத்தால் போதும், தொழில் வந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பிரயாணத்தை நாம் சிபாரிசு செய்கிறோம். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு இது தெரியாத விஷயமன்று.

1980-இல் தேஷ் ஆலை வேலை தொடங்கியது. அந்த வருஷம் 43,000 சட்டைகள். ஒரு சட்டை 1 டாலர் 28 சென்ட். மொத்தம் ஐம்பத்தையாயிரம் டாலர் சொச்சம். நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் இது கண்ணுக்கே புலப்படாத தொகை. அடுத்த வருஷமே, 1981 ஜூனில், தேஷ் ஆலை டேவூவுடன் செய்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சொந்தக் காலில் நின்றது. 1987-இல் அது செய்த சட்டைகள் 23 லட்சம்.

இந்தக் கணக்கைவிடச் சுவையானது வேறொன்று. கொரியா சென்று திரும்பிய 130 பேரில் 115 பேர் அந்தப் பத்தாண்டுக்குள் தேஷ் ஆலையை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் தாமே ஆலை தொடங்கினார்கள்; மற்றவர் புதிதாகத் தோன்றிய ஆலைகளில் பெரிய பொறுப்புகளில் அமர்ந்தார்கள். செலவு செய்து கற்பித்த முதலாளிக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்திருக்கும். தேசத்துக்கோ அதுவே பாக்கியம். மதிலுக்குள் இருந்த வித்தை கால் முளைத்து ஊரெங்கும் நடந்தது. 1980-களின் நடுவில் ஆடை ஆலைகள் நூற்றுக்கணக்காகப் பெருகிவிட்டன. கற்பித்த டேவூவோ 1999-இல் கடன்பட்டு வீழ்ந்தது. அது கற்பித்த தொழிலுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

தேஷ் ஒன்றுதான் முன்னோடி என்று நாம் சொல்லவில்லை. 1978-லேயே டாக்காவின் ரியாஸ் ஆலை பாரிஸ் வியாபாரி ஒருவருக்குப் பத்தாயிரம் சட்டை அனுப்பியதாக அந்நாட்டார் பெருமையுடன் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு கப்பல் சரக்கு அனுப்புவது வேறு. ஒரு தொழிலை ஊன்றச் செய்வது வேறு.

ஊன்றுவதற்குக் கைத்திறமை மட்டும் போதவில்லை. அந்நியத் துணிக்கு அன்று கனமான சுங்கவரி இருந்தது. வரி கட்டித் துணி வாங்கித் தைத்து, ஹாங்காங்காரரோடு விலையில் போட்டியிட முடியுமா? இதற்குக் கண்ட வழி பிணைக் கிடங்கு. வெளியிலிருந்து வரும் துணியை வரியின்றி உள்ளே விட்டு, சுங்க அதிகாரியின் கணக்கில் ஒரு கிடங்கில் வைப்பார்கள். அந்தத் துணி சட்டையாகிக் கப்பல் ஏறினால் வரி இல்லை. உள்ளூர்க் கடைக்குக் கசிந்தால் வரியும் தண்டனையும் உண்டு. இரண்டாவது தடை முதல் இன்மை. இதற்குப் பாங்கிகள் மூலம் வழி பிறந்தது. அந்நியக் கடைக்காரர் தம் பாங்கி வாயிலாக, "சரக்கு வந்தால் பணம் தருகிறோம்" என்று அனுப்பும் உறுதிக் கடிதத்தை வர்த்தகர்கள் எல்.சி. என்பார்கள். அந்தக் கடிதத்தையே ஈடாக வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பாங்கி துணி விற்பவருக்கு இன்னொரு கடிதம் கொடுக்கும். சட்டை விற்ற பணம் வந்த பிறகு துணிக்காரருக்குப் பணம் போகும். கையில் முதல் இல்லாதவன், தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வாடிக்கைக்காரரின் நாணயத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்யலாயிற்று. இந்த இரண்டு ஏற்பாடுகளும் காகிதத்தில் இரண்டு விதிகள்தாம். ஆனால் இவை இல்லாதிருந்தால் பூசானில் கற்ற கைகள் சும்மா இருந்திருக்கும்.

இங்கே அறிஞர்களிடையே ஒரு வழக்கு உண்டு. ஏற்றுமதி செய்வதனால் ஓர் ஆலை திறமை பெறுகிறதா, அல்லது முன்பே திறமை வாய்ந்த ஆலைதான் ஏற்றுமதிக்குத் துணிகிறதா? கொலம்பியா, மெக்ஸிகோ, மொராக்கோ தேசங்களைப் பற்றி 1998-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று பெரும்பாலும் பின்னதே உண்மை என்றது. கெட்டிக்கார ஆலைகள் முன்பே கெட்டிக்காரத்தனம் உடையவை. கப்பல் ஏறியதனால் புதிதாக ஒன்றும் கற்கவில்லை என்பது அதன் சாரம். இது உண்மையானால் ஏற்றுமதிக்காக ஒரு சர்க்கார் சலுகை கொடுப்பது, நன்றாகப் படிக்கும் பையனுக்கே மீண்டும் மீண்டும் பரிசு கொடுப்பது போலாகும்.

எகிப்து தேசத்தில், நீல நதிக் கழிமுகத்தில் உள்ள ஃபுவா என்னும் ஊரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே கம்பளம் நெய்யும் சிறு தறிக்காரர் பலர். ஒன்றிரண்டு ஆட்களுக்கு மேல் வைத்து நடத்துவோர் அரிது. அட்கின், கண்டேல்வால், உஸ்மான் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் செல்வ நாடுகளின் கம்பள ஆர்டர்களை ஒரு வியாபாரியின் மூலம் வரவழைத்து, சீட்டுக் குலுக்கிச் சில தறிக்காரருக்கு மட்டும் கிடைக்கச் செய்தார்கள். ஆகவே, "அவன் முன்பே கெட்டிக்காரன்" என்ற வாதத்துக்கு இடமில்லை. 2017-இல் வெளியான அவர்கள் முடிவின்படி, ஆர்டர் பெற்றவர்களின் லாபம் நூற்றுக்கு 16 முதல் 26 வரை உயர்ந்தது. கம்பளத்தின் தரமும் உயர்ந்தது. தரம் உயர்ந்ததால் ஒவ்வொரு கம்பளத்துக்கும் நேரம் அதிகம் பிடித்தது என்பது உண்மையே. பின்னர் இருசாராரையும் ஒரே தறியில் உட்கார்த்தி, ஒரே மாதிரிக் கம்பளம் ஒன்றை நெய்யச் சொன்னார்கள். வெளிநாட்டு ஆர்டர் நெய்து பழகியவர்கள் அதே நேரத்தில் மேலான கம்பளத்தை நெய்து காட்டினார்கள். எந்தெந்தக் குறைகளைப் பற்றி வியாபாரி அவர்களோடு பேசினாரோ, அந்தந்தக் குறைகளே நன்றாகத் திருந்தியிருந்தன. "மூலை நேராக இல்லை" என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததன் பலன் அது. பூசானுக்குப் போன 130 பேரின் கதையும் இதுவே அல்லவா?

இனி, நமது நேயர்களில் சுதேசிப் பற்று மிக்க பெரியவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அது நியாயமான ஆட்சேபமே. டாக்கா மஸ்லின் உலகப் புகழ் பெற்றிருந்த மண் அது. 1905-இல் அந்நியத் துணியைத் தீயிலிட்ட வங்காளமும் அதுவே. அதே மண்ணில் அந்நியத் துணியை, அந்நிய யந்திரத்தில், அந்நியன் சொன்ன அளவில் தைத்து அந்நியனுக்கே அனுப்புவதை ஒரு தேசத்தின் கைத்தொழில் என்று சொல்லலாமா? ஆரம்ப காலத்தில் சட்டையின் விலையில் பெரும்பங்கு துணி வாங்கவே வெளியே போயிற்று. தையற்கூலியும் கொஞ்சம் லாபமும் மட்டுமே நாட்டில் தங்கின. "இது கூலித் தையல்" என்று அன்று எள்ளியவர்கள் உண்டு.

நாம் அந்த எள்ளலில் சேரமாட்டோம். தையலில் ஊன்றிய பிறகு பின்னால் இருந்த வேலைகளும் மெல்ல வந்தன. நூற்பாலைகளும் பின்னல் ஆலைகளும் தோன்றின. பின்னலாடைக்கு வேண்டிய நூலில் பெரும்பகுதி இன்று அந்நாட்டிலேயே நூற்கப்படுகிறது; மீதியில் நம் தேசத்து ஆலைகளின் நூலும் சேர்ந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தொடக்கத்தில் செல்வ நாடுகளின் அளவுக்கட்டு ஒழிந்தபோது, சீனாவின் வெள்ளத்தில் பங்களாதேஷ் மூழ்கிவிடும் என்று ஜோசியம் சொன்னவர் பலர். அது மூழ்கவில்லை. கடன் வாங்கிய வித்தை இருபத்தைந்து வருஷத்தில் சொந்த வித்தையாகிவிட்டிருந்தது.

பெண் குழந்தைகளைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஆடை ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்த கிராமங்களையும் தூரத்துக் கிராமங்களையும் ஒப்பிட்டு 2015-இல் ஹீத், முபாரக் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஆலைக்கு அருகில் வளர்ந்த பெண்களுக்குக் கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின; அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த காலமும் கூடிற்று. எழுதப் படிக்கவும் எண்ணவும் தெரிந்த பெண்ணுக்கு ஆலையில் மதிப்பு உண்டு என்று கண்ட தாய் தந்தையர், சிறுமியின் கையிலிருந்து பலகையைப் பிடுங்கவில்லை. எந்தச் சட்டமும் எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சீக்கிரம் செய்யாத காரியம் இது.

அந்தப் பெண்களில் பலரைத்தான் 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி ராணா பிளாஸா விழுங்கிற்று. டாக்காவை அடுத்த சவாரில் எட்டு மாடிக் கட்டிடம். மேல் மாடிகளில் ஐந்து ஆடை ஆலைகள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டது. கீழே இருந்த பாங்கி தன் சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆடை ஆலைகளோ மறுநாள் காலையில் ஆட்களை உள்ளே வரச்சொல்லி வற்புறுத்தின. காரணம், நாம் முன்பு சொன்ன அதே தேதி. குறித்த நாளில் கப்பல் ஏறவேண்டிய சரக்கு. இடிபாட்டில் இறந்தவர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர். குறித்த தேதியில் அனுப்பப் பழகியதைத் திறமை என்று மேலே புகழ்ந்தோம். அந்தத் தேதியின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று கேளாமல் அந்தப் புகழ்ச்சியை அப்படியே விட்டுவிட நமக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தக் கோரத்துக்குப் பிறகு, கட்டிடங்களைப் பரிசோதிக்கவும் பழுது பார்க்கவும் அந்நியக் கடைக்காரர்களும் தொழிற்சங்கங்களும் கட்டுப்பாடுள்ள ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பல ஆலைகளில் தீயணைக்கும் சாதனங்களும் வெளியேறும் வழிகளும் வந்தன. இது நல்ல காரியம். ஆனால் 1,100 பேர் மடிந்த பிறகுதான் அந்தக் கையெழுத்து விழுந்தது. கூலி விஷயமும் அப்படியே. மாதக் குறைந்தபட்சக் கூலி 2013-இல் 5,300 டாக்கா. 2023 டிசம்பரில் 12,500 டாக்கா. அந்தப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறும் தெருவில் இறங்கிப் போராடி, உயிர்ச்சேதமும் நேர்ந்த பிறகு கிடைத்தது. மேலும் கொடுத்தால் ஆர்டர் வேறு தேசத்துக்குப் போய்விடும் என்பது முதலாளிகளின் வழக்கமான பேச்சு. சட்டைக்கு இன்னும் சில காசு கூட்டிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் அவர்கள் இவ்வளவு உரக்கப் பேசுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு கவலையும் நமக்கு உண்டு. அன்று சணல் ஒன்று. இன்று சட்டை ஒன்று. ஒரே சரக்கை நம்பியிருக்கும் நிலை மாறவில்லை. சரக்கின் பெயர் மாறியிருக்கிறது. ஏன் செருப்பும் பிளாஸ்டிக் சாமானும் மின்சாரக் கருவிகளும் அதே பாதையில் போகவில்லை? அவற்றைச் செய்யும் ஆலைகள் அங்கே இல்லாமல் இல்லை. அந்நியச் சரக்குக்கு உயர்ந்த வரி இருப்பதால், அந்த ஆலைகளுக்கு உள்ளூரில் விற்பதே கொழுத்த லாபம். ஹாம்பர்க் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு என்ன தலைவிதி? துணிந்து வெளியே போக விரும்பும் சிலருக்கோ, ஆடைக்காரருக்குத் திறந்த பிணைக் கிடங்கின் கதவு அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை என்று முறையீடு. ஆடை ஆலைகளுக்குப் பெரிய சங்கம் இருக்கிறது. சர்க்காரில் செல்வாக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான டன் துணியைக் கணக்குப் பார்த்துப் பழகிய சுங்க இலாகாவும் இருக்கிறது. நாற்பது ஜோடிச் செருப்புக்குத் தோலும் பசையும் கொக்கியும் கொண்டுவருபவர் அதே மேஜைக்கு முன் போய் நின்றால், அவருடைய காகிதம் எத்தனை நாள் அங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது அந்நாட்டின் அடுத்த நூற்று முப்பது பேரின் கதை.